பேங்க் மேடம் ஓட்டுக் கேட்ட தெருக்கள்

பேங்க் மேடம் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தத் தெருவிளக்கு எரிந்தது. இருட்டத் தொடங்கும் நேரம். என் ஆட்டோவின் பின்சீட்டில் ஆம்ப்ளிஃபயரும் பேட்டரியும், மேலே இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள். மேடம் கம்பத்தின் கீழே நின்று மைக்கைப் பிடித்துக்கொண்டு, "மாசக்கணக்கா இந்தக் கம்பத்துல லைட் இல்லை. டியூஷன் முடிஞ்சு பொண்ணுங்க நடந்து வர்ற தெரு இது. கேக்கறதுக்கு ஆள் இல்லையா?" என்று கேட்டார். கேட்டு வாயை மூடவில்லை, ஏணியோடு ஒரு சின்ன லோடு வண்டி வந்து நின்றது. இறங்கிய ஆள் மேடத்தைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா, மேல வயரு கீது" என்றான். மேடம் பேச்சை நிறுத்தாமலே தள்ளிக்கொண்டார். அவர் மழைநீர் வடிகாலைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் அந்த ஆள் மேலே ஏறி, பழைய பல்பைக் கழற்றி, புதியதை மாட்டி இறங்கிவிட்டான். வெள்ளை வெளிச்சம் மேடத்தின் தலைமேல் விழுந்தது. தெரு முழுக்கக் கைதட்டியது. மேடம் இரண்டு கையையும் கூப்பி நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும், "என்ன ரெஸ்பான்ஸ் பாத்தீங்களா தம்பி?" என்றார். நான் வண்டியை எடுத்தேன். கைதட்டல் பல்புக்கு என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

இந்த ஊருக்கு நான் சொந்தக்காரன் இல்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட பிறகு எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல் இருந்தது கிடையாது. லாரியில் கிளீனராக நாக்பூர் வரைக்கும் போயிருக்கிறேன். திருப்பூரில் மூட்டை தூக்கினேன். திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் இரும்புத் தூள் வாரிக்கொண்டிருந்தபோது, பட்டறைக்காரர் தன் பழைய ஆட்டோவை நாள் வாடகைக்கு ஓட்டிக்கொள்ளச் சொன்னார். அன்றிலிருந்து குரோம்பேட்டைக்கும் திருநீர்மலைக்கும் நடுவில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஏரிக்குக் கீழே ஒரு நகரின் கடைசியில் ஷீட் போட்ட அறை. அந்த நகரில் பாதிப் பேர் ஆபீஸ் போகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள். மீதிப் பேர் ஒரு காலத்தில் அங்கேயே நெல் போட்டவர்கள். நெல் போட்ட இடத்தை மனை போட்டு விற்றவர்களும் அவர்கள்தான், அதனால் தண்ணீருக்குப் பழைய வழி இன்னும் மறக்கவில்லை. ஓட்டு எனக்கு அங்கே இல்லை. எங்கேயுமே ஒழுங்காக இருந்ததில்லை. தேர்தல் வந்தபோது மைக் கட்டி ஓட்ட ஆட்டோ வேண்டும் என்று மேடம் ஸ்டாண்டுக்கு வந்து கேட்டார். மற்றவர்கள் எல்லாம் கவுன்சிலருக்கு ஓட்டப் போய்விட்டார்கள். நான் சும்மா நின்றிருந்தேன். அப்படித்தான் ஒட்டிக்கொண்டேன், கொள்கை எல்லாம் ஒன்றும் இல்லை.

மேடம் ஒரு பேங்கில் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். அந்த நகரில் அவரை எல்லோரும் பேங்க் மேடம் என்றுதான் சொல்வார்கள். கட்சி இல்லை, சுயேச்சை. குடிதண்ணீர்க் குழாய்ச் சின்னம் கேட்டார், கொடுத்தது இஸ்திரிப் பெட்டி. "பரவாயில்லை, எல்லார் வீட்லயும் இருக்கிறதுதானே" என்று சொல்லிவிட்டு, வீட்டிலிருந்த இஸ்திரிப் பெட்டியையே கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். முதல் நாள் ஒரு பாட்டி அதை வாங்கிப் பார்த்து, "இது இன்னா வெல? தவணைல தருவியா?" என்று கேட்டாள். மேடம் சிரிக்கவில்லை. உட்கார்ந்து, தான் எதற்கு வந்திருக்கிறேன் என்று முதலிலிருந்து விளக்கினார். அவரிடம் எனக்கு எரிச்சல் மூட்டியது இதுதான். யாரிடமும் நாலு வார்த்தையில் முடிக்கத் தெரியாது. கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். "கரெக்டா சொல்றீங்க மேடம்" என்றார்கள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசாதவன் ஓட்டுப் போடமாட்டான் என்பது ஆட்டோ ஓட்டுகிற எனக்கே தெரிந்தது.

எதிரில் நின்றவர் கவுன்சிலர். அவரைத் திட்டி ஒரு வரி எழுதலாம் என்று எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன், கை வரவில்லை. பழைய ஊர்க்காரர், நிலம் இருந்த குடும்பம். நடுவில் தேர்தலே நடக்காமல் வருஷங்கள் ஓடின. அப்போதும் அவரை எல்லோரும் கவுன்சிலர் என்றே கூப்பிட்டார்கள், அவரும் ஏன் என்று கேட்காமல் வேலை பார்த்தார். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் ஐஸ் பெட்டியும் பிளாஸ்டிக் நாற்காலியும் வந்து இறங்கும், பின்னாலேயே அவரும் வருவார். சாதிச் சான்றிதழ், ஸ்கூல் சீட்டு, காது குத்து, எதற்கும் அவர்தான். மழைக்காலத்தில் ஏரி நிரம்பி நகருக்குள் தண்ணீர் வந்துவிட்டால், முதல் ஆளாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் வருவார். கூடவே ஒரு ஃபைபர் படகு வரும். அதில் பால் பாக்கெட், பிரெட், மெழுகுவர்த்தி. ஒரு மழையில் என் அறையும் போயிற்று. போனது என்ன, ஒரு ஸ்டவ், ஒரு பை, நாலு சட்டை. பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தபோது பாயும் போர்வையும் கொடுத்து, "சாப்ட்டியாப்பா?" என்று கேட்டவர் அவர். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நின்றார். போட்டோ எடுக்க அன்றைக்கு ஆள் யாரும் இல்லை. இப்படிப்பட்ட ஒருவரை எதிர்த்து மைக் கட்டிக்கொண்டு போவது, போதாக்குறைக்குக் கையில் இஸ்திரிப் பெட்டியோடு போவது எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

மேடம் நின்றதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. அவர் வீட்டுக்காரர், நான் சார் என்று கூப்பிட்டவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறகு பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வலது கை, வலது கால் வராது. பேச்சு மெல்ல வரும், யோசித்து யோசித்து வரும். வீட்டு ஹாலில் கட்டில். மாடி என்று ஒன்று கிடையாது, குறுகலான படியேறினால் மொட்டை மாடியும் தண்ணீர்த் தொட்டியும்தான். போன வெள்ளத்தில் தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொடும்வரை மேடம் அவர் தலையைத் தூக்கிப் பிடித்தபடி பக்கத்தில் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். படகு வந்துதான் இருவரும் பிழைத்தார்கள். இன்னொரு முறை படகு வரக் கொஞ்சம் நேரமானால் என்ன ஆகும் என்பதுதான் மேடத்தின் பயம். பெங்களூரில் இருக்கும் மகன் வந்துவிடச் சொல்கிறான், சார் வரமாட்டேன் என்கிறார். ஆக, தண்ணீர் வராமல் இருக்கவேண்டும். அதற்கு வழியும் இருந்தது. ஏரியின் உபரிநீர்க் கால்வாய் பெரிய ரோட்டைத் தாண்டும் இடத்தில் ஒரு கல்யாண மண்டபம். மண்டபம் பட்டா இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அதன் ஜெனரேட்டர் அறையும் பாத்திரம் கழுவும் இடமும் கால்வாய்க்கு மேலேயே மூடிக் கட்டியிருந்தது. அந்த இடத்தில் தண்ணீர் முட்டி, திரும்பி, எங்கள் நகருக்குள் வரும். அந்த இரண்டையும் இடித்துக் கால்வாயைத் திறந்துவிட்டால் போதும். மேடம் அதற்காக ஏறாத ஆபீஸ் இல்லை. எல்லா ஆபீஸிலும் உட்காரச் சொல்லி, கேட்டு, "கவுன்சிலரைப் பாருங்க மேடம்" என்று அனுப்பினார்கள். மண்டபம் கவுன்சிலரின் பெரியப்பா குடும்பத்துடையது.

பிரச்சாரத்துக்கு வருகிறேன். முதல் வாரம் எங்கள் ஆட்டோவைப் பார்த்து நாய் மட்டும்தான் ஓடி வந்தது. பிறகு அந்தப் பல்பு எரிந்தது. மறுநாள் வேறொரு தெருவில் உடைந்த குடிநீர்க் குழாயைக் காட்டி மேடம் பேசினார். மத்தியானமே ஆள் வந்து ஒட்டுப் போட்டுவிட்டுப் போனான். அதற்கடுத்த தெருவில் குப்பைத் தொட்டி. அது நாங்கள் தெருமுனை திரும்புவதற்குள்ளேயே காலியானது. கவுன்சிலர் ஒரு ஆளை பைக்கில் எங்கள் பின்னாலேயே அனுப்பிவைத்திருந்தார். மேடம் மைக்கில் என்ன சொல்கிறாரோ அதை அவன் போனில் சொல்வான். அவ்வளவுதான் ஏற்பாடு. அவன் ஒளிந்தெல்லாம் வரவில்லை. டீக்கடையில் நிறுத்தினால் எனக்கும் சேர்த்து டீ சொல்வான். "மேடம் அடுத்தது எந்தத் தெருண்ணா? சாப்ட்டு வந்துடறேன், அதுக்குள்ள பேசிடப் போறாங்க" என்பான்.

இரண்டாவது வாரம் கூட்டம் கூடத் தொடங்கியது. நாங்கள் போகாமலே ஆள் வந்து கூப்பிட்டார்கள். "மேடம், எங்க தெருவுக்கு எப்போ வர்றீங்க?" என்று வாசலில் நின்றார்கள். ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். மேடத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. தொண்டை கட்டிப்போய், வெந்நீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, "ஜனங்க முழிச்சிக்கிட்டாங்க தம்பி" என்றார். எனக்கு ஏதோ இடித்தது. ஒரு நாள் காலையில் தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருக்கும் அக்காவிடம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அது என்னவென்று தெரிந்தது.

"அண்ணா, மேடத்த எங்க சந்துக்கு இட்டுகினு வர்றியா? சாக்கடை அடைச்சிகினு கீது. நாத்தம் தாங்கல, ஒருத்தன் ஒக்காந்து துன்ன மாட்டேன்றான்" என்றாள்.

"மேடம் ஜெயிச்சாதானே அக்கா எடுக்க முடியும்?"

"அய்ய! அவங்க எங்க எடுக்கப் போறாங்க? அவங்க வந்து மைக்குல கூவுனா கவுன்சிலரு ஆளு அன்னிக்கே வந்துடறான். நாங்க போயி சொன்னா பாக்கலாம் பாக்கலாம்னு சொல்லிகினே கீறான்."

"சரி. அப்போ ஓட்டு?"

"ஓட்டு கவுன்சிலருக்குத்தான். வேல செஞ்சவங்களுக்குத்தானே போடணும்? நீயே சொல்லு நாயத்த." சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினாள்.

கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்கே மேடத்திடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "ஜனங்க அவ்வளவு முட்டாள் இல்ல தம்பி" என்றார். "முட்டாள் இல்ல மேடம். அதான் தொந்தரவே" என்றேன். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அக்காவின் சந்துக்கும் போய்ப் பேசினார்; சாக்கடை அள்ளியாயிற்று. அள்ளி முடித்ததும் அந்தச் சந்தே திரண்டு நன்றி சொன்னது, பைக்கில் வந்த அந்த ஆளுக்கு. அவன் கையைக் காட்டி, "எனக்கு இன்னாத்துக்கு? அண்ணனுக்குச் சொல்லுங்க" என்றான். மேடம் மைக்கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தார். ஒரு பெண் அவரிடம் வந்து, "நீங்க நாளைக்கி பின்னாடித் தெருவுக்கு வருவீங்களாம்மா? அங்க எங்க தங்கச்சி வூடு" என்றாள். மேடம் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சாதாரணமாக அவருக்குக் கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்றைக்குத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஆட்டோவில் திரும்பும்போது அவர் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "சரி தம்பி. நான் மைக்ல சொன்னா அவர் செய்யறார். அப்படித்தானே? அப்ப கால்வாய்கிட்டப் போய் நின்னு சொல்றேன். அவரே திறந்துவிடட்டும், அவரே ஜெயிச்சுக்கட்டும். எனக்குப் பதவி வேணாம், வீட்டுக்குள்ள தண்ணி வராம இருந்தா போதும்." ஓட்டுக் கேட்கப் போனவர் ஓட்டையே விட்டுக்கொடுக்கத் தயாராகிவிட்டார். நானும் அதை நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். படித்தவருக்கும் படிக்காதவனுக்கும் ஒரே மாதிரி புத்தி போன நாள் அது.

பிரச்சாரத்தின் கடைசி நாள். மண்டபத்துக்கு எதிரே, கால்வாய் ஓரம் ஆட்டோவை நிறுத்தினேன். அத்தனை கூட்டத்தை அந்தத் தேர்தலில் நான் பார்க்கவில்லை. எல்லாத் தெருக்காரர்களும் வந்திருந்தார்கள், பெரிய வேலை நடக்கப்போகிறது என்று. மேடம் அன்றைக்கு மட்டும்தான் சுருக்கமாகப் பேசினார். ஜெனரேட்டர் அறையையும் பாத்திரம் கழுவும் இடத்தையும் கையால் காட்டி, "இது ரெண்டையும் எடுத்துட்டா நம்ம நகருக்குள்ள தண்ணி வராது. இவ்வளவுதான் நான் கேக்கறது" என்றார். சொல்லி முடித்ததும் கூட்டம் கைதட்டவில்லை. மொத்தமாகத் திரும்பி ரோட்டைப் பார்த்தது. மேடமும் பார்த்தார். நானும் பார்த்தேன். ஜேசிபி வருகிறதா என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு தண்ணீர் லாரி வந்தது, போயிற்று. பைக் ஆள் போனை எடுக்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் கவுன்சிலரே வந்தார். தனியாக, ஸ்கூட்டியில். மேடத்தின் முன்னால் வந்து கும்பிட்டார். "இன்னா மேடம் நீங்க, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா வூட்டுக்கே வந்திருப்பேனே" என்றார்.

"பத்து தடவை சொல்லியிருக்கேன் சார்."

"ஆமா, சொன்னீங்க. இல்லேன்னு சொல்லல." தலையைச் சொறிந்தார். "மேடம், நீங்க எது கேட்டாலும் செஞ்சிகினுதான் வர்றேன். லைட்டு கேட்டீங்க, போட்டேன். பைப்பு கேட்டீங்க, போட்டேன். இது பெரியப்பா வூட்டு சமாச்சாரம். நான் இதுல கைய வச்சா நாளைக்கி எங்க பெரியப்பா வூட்டு வாசப்படிய நான் மிதிக்க முடியாது. தண்ணி வந்தா நான் வர்றேன் மேடம். எப்பனாச்சும் வராம இருந்திருக்கேனா?"

மேடம் கூட்டத்தைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க. தண்ணி வந்தா ஆள் வரணுமா, தண்ணியே வராம இருக்கணுமா?" என்று கேட்டார். இதைவிடத் தெளிவாக யாரும் கேட்க முடியாது. கூட்டத்தில் கசமுசா என்று பேச்சு எழுந்தது. முன்வரிசையில் நின்ற ஒருவர், டெய்லர், தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். "மேடம், நீங்க சொல்றது நாயம்தான். ஆனா வர்ற பங்குனில என் பொண்ணு கல்யாணம் இந்த மண்டபத்துலதான் கீது. கவுன்சிலரு சொல்லித்தான் வாடகையே இல்லாம குடுத்தாங்க. ஜெனரேட்டர இடிச்சிட்டா, தாலி கட்ற நேரத்துல கரண்டு போச்சுன்னா இன்னா பண்றது?" உடனே பின்னாலிருந்து இன்னொரு பெண், "எங்க பையனுக்கும் இங்கதான்" என்றாள். யாரோ, "பாத்தரம் கழுவற எடத்த மட்டும் எடுக்கலாமா?" என்று பேரம் பேசினார்கள். "அப்போ எச்ச எல எங்கடா போடுவ, உன் தலைலயா?" என்று அதற்கு ஒருவன் பதில் சொல்ல, கூட்டம் சிரித்தது. அவ்வளவுதான். முழங்கால் தண்ணீரில் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்த ஜனங்கள், ஜெனரேட்டருக்காக வாதாடினார்கள். கவுன்சிலரின் முகத்தில் வெற்றிக் களை எதுவும் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். அவர் மேடத்திடம், "மேடம், தொண்ட கட்டிப்போச்சு உங்களுக்கு. பால்ல மஞ்சத்தூள் போட்டுக் குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு மைக்கைத் தூக்கிக் கால்வாயில் போடவேண்டும் போல இருந்தது. மைக் வாடகைக்கு எடுத்தது, அதனால் போடவில்லை.

ஓட்டுப் போடும் நாளன்று மேடம் வேட்பாளர் என்பதால் காலையிலிருந்து பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக என் ஆட்டோவில் சுற்றிக்கொண்டிருந்தார். சாரைக் கூட்டிப்போகவேண்டும் என்று மத்தியானம் வீட்டுக்கு வந்தால், சார் விரலில் மையோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். கவுன்சிலர் வீல்சேரும் வேனும் அனுப்பியிருக்கிறார். நடக்கமுடியாதவர்கள் எல்லோருக்கும் அனுப்பினாராம், எதிர் வேட்பாளரின் வீட்டுக்காரர் என்று விட்டுவிடவில்லை. இதற்காகச் சண்டை போட முடியுமா? மேடம், "வெயில்ல ரொம்ப நேரம் நிக்க வெச்சாங்களா?" என்று மட்டும் கேட்டார். சார், இல்லை என்று தலையாட்டினார். ஓட்டு எண்ணியபோது மேடத்துக்கு டெபாசிட் போனது. எந்தெந்தத் தெருவில் ஆரத்தி எடுத்தார்களோ அந்தத் தெருக்களில் எல்லாம் சுத்தமாகத் துடைத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் ஸ்பீக்கரைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடியும் ஷேர் ஆட்டோவாக ஓட்டினேன். ஏறியவர்கள் எல்லோரும், "பாவம் அந்த மேடம், நல்லவங்க" என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியை வேண்டுமென்றே இறக்கினேன். பள்ளமும் அதிகம் இல்லை, மேடம் பேசிப் பேசி எல்லாம் மூடியிருந்தது.

அந்த வருஷம் ஐப்பசி முடிவதற்குள் ஏரி நிரம்பியது. ஒரு நாள் காலையில் எழுந்து காலைக் கீழே வைத்தால் தண்ணீர். ஸ்டவ்வையும் பையையும் ஷீட்டு மேலே ஏற்றிவிட்டு நேராக மேடம் வீட்டுக்குப் போனேன். ஹாலில் முழங்கால் வரை வந்திருந்தது. மேடம் கட்டிலின் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார், எப்படித் தனியாகச் செய்தார் என்று தெரியவில்லை. நின்றுகொண்டிருந்தவருக்கு உதடு நீலமாகியிருந்தது. நானும் அவருமாகச் சாரைத் தூக்கிப் பார்த்தோம், முடியவில்லை. நல்ல கனமான மனிதர், ஒரு பக்கம் பிடிமானம் இல்லை. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. மெத்தையின் ஓரம் நனைந்தது. மேடம் அப்போதும் போனை எடுக்கவில்லை. சார்தான் இடது கையால் மேடத்தின் போனைக் காட்டினார். மேடம் எடுத்து, நம்பரைத் தேடாமல் அழுத்தினார். அந்த நம்பர் எல்லோருக்கும் மனப்பாடம்.

கவுன்சிலர் வந்தார். படகை வாசல் கேட்டுக்குள்ளேயே தள்ளிக்கொண்டு வந்தார். சாரின் தோள் பக்கம் அவர், கால் பக்கம் நான். தூக்கிப் படகில் படுக்கவைத்தபோது கவுன்சிலருக்கு மூச்சு இரைத்தது. மேடம் ஏறி உட்கார்ந்து சாரின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் இருவரும் தள்ளிக்கொண்டே நடந்தோம். மழை விட்டு விட்டுப் பெய்தது. மேடம் ஓட்டுக் கேட்ட தெருக்கள் வழியாகத்தான் போனோம். மாடிகளில் நின்றவர்கள் கவுன்சிலரைப் பார்த்துக் கையாட்டினார்கள், "அண்ணா, எங்களுக்கும் பாலு!" என்றார்கள்.

பாதி வழியில் சார் பேசத் தொடங்கினார். அவர் பேச வாயெடுத்தால் எல்லோரும் காத்திருக்கவேண்டும்.

"நான்... இவருக்குத்தான் போட்டேன்."

மேடம் குனிந்து பார்த்தார். கவுன்சிலர் தள்ளுவதை நிறுத்திவிட்டார்.

"நீ ஜெயிச்சா... இன்னைக்கு யாருக்கு போன் பண்றது?"

மேடத்துக்குக் குரல் உடைந்தது. "நான் ஜெயிச்சிருந்தா படகே வேண்டாமேங்க. அதுக்குத்தானே நின்னேன். உங்களுக்காகத்தானே நின்னேன்?"

சார் யோசித்தார். வாயின் ஒரு ஓரம் மட்டும் அசைந்தது. "தெரியும். நீ கால்வாயத் திறந்துடுவ. ஆனா... திறக்கறதுக்குள்ள... தண்ணி வந்துட்டா?"

கவுன்சிலர் என்னைப் பார்த்தார், நான் வேறு பக்கம் பார்த்தேன். அத்தனை தெருக்களும் தலையாட்டிவிட்டு ஏன் அப்படிப் போட்டன என்பதை அந்த மனிதர் ஒரு வரியில் சொல்லிவிட்டார், அதுவும் தன் பெண்டாட்டி மடியில் படுத்துக்கொண்டு. கொஞ்ச தூரம் போனதும் மேடம் கண்ணாடியைக் கழற்றினார், துடைப்பதற்கு உலர்ந்த துணி எதுவும் இல்லாததால் மறுபடியும் மாட்டிக்கொண்டார். "சார்," என்று கவுன்சிலரைக் கூப்பிட்டார். "நான் அடுத்த தடவையும் நிப்பேன்."

"நில்லுங்க மேடம்," என்றார் கவுன்சிலர், முழு மனசோடு. "நீங்க நின்னாத்தான் எங்க இன்னா ரிப்பேருன்னு எனக்கே தெரியுது."

அதன் பிறகு நான் அங்கே அதிக நாள் இருக்கவில்லை. ஆட்டோவைப் பட்டறைக்காரரிடம் விட்டுவிட்டு ஓசூர் போனேன், அங்கிருந்து வேறெங்கோ. சுற்றி அலைந்து சமீபத்தில்தான் தாம்பரத்தில் வந்து இறங்கினேன். மறுபடியும் தேர்தல் வரப்போகிறது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். நகர்ப் பக்கம் போனால், கவுன்சிலர் கும்பிடும் போஸ்டர் சுவரெல்லாம் இருக்கிறது, தலை கொஞ்சம் நரைத்திருக்கிறது. மண்டபத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்து, ஜெனரேட்டர் அறைக்கு மேலே இன்னொரு அறையும் எழுப்பியிருக்கிறார்கள். அந்த வழியாகவே நடந்து மேடம் வீட்டுக்குப் போனேன்.

சார் அதே ஹாலில், அதே கட்டிலில். என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கினார். மேடம் ரொம்ப இளைத்திருந்தார். "ஆட்டோ இருக்கா தம்பி?" என்பதுதான் முதல் கேள்வி. எங்கேயாவது ஏற்பாடு செய்யலாம் என்றேன். "வாங்க, ஒண்ணு காட்டறேன்" என்று வீட்டுப் பக்கவாட்டுக்குக் கூட்டிப்போனார். கார் ஷெட்டில் தார்ப்பாய் போட்டு எதையோ மூடியிருந்தது. ஒரு பக்கம் அவர் பிடிக்க, மறுபக்கம் நான் பிடித்து விலக்கினேன்.

நீல நிறத்தில் ஒரு படகு. பழையதுதான், யாரிடமோ வாங்கியிருக்கிறார். பக்கத்தில் துடுப்பு, மிதவைச் சட்டைகள், ஒரு பெட்டி நிறைய மெழுகுவர்த்தி. "முதல்ல இது தம்பி. அப்புறம்தான் ஓட்டு" என்றார் மேடம். "இப்ப எங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார் பாக்கலாம்." நான் ஹால் ஜன்னல் பக்கம் திரும்பி, "சார், இந்தத் தடவை யாருக்கு?" என்று கேட்டேன். உள்ளேயிருந்து பதில் வர வழக்கம் போல நேரமாயிற்று. "மழை... வரட்டும். மிதக்குதா பாக்கலாம்."

மேடம் அதைக் கேட்டுவிட்டுத் தார்ப்பாயை இழுத்து மூடினார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை, தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கால்வாய் அப்படியேதான் கிடக்கிறது. எங்கள் நகரில் இப்போது இரண்டு படகுகள் இருக்கின்றன.